பத்தமடைப் பாய்க்கு மட்டும் சைட்டா, திருநெல்வேலிக்கே சேத்து ஒரு சைட்டா?

பேட்டையில இருக்க சொந்தக்காரத் தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்து, அண்ணாச்சி, பத்தமடைப் பாய் பத்தி மட்டும் ஒரு சைட் போடட்டுமா, இல்ல அல்வா, குத்தாலம், கருப்பட்டி, அப்பளம்னு நம்மூரு சமாச்சாரம் எல்லாத்துக்கும் ஒரே சைட்டா போட்டுரட்டுமா, எது கூகுள்ல சீக்கிரம் மேல வரும்னு கேட்டான். ரெண்டையும் செஞ்சு பாத்தவன் நான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்.

மொதல்ல நான் ஆரம்பிச்சது பெரிய சைட்தான். குத்தாலம் சீசன்னு ஒரு கீவேர்ட், அதாவது ஆளுக கூகுள்ல தேடுற சொல்லு, இருக்கு பாருங்க, ஜூன்ல சாரல் விழ ஆரம்பிச்சதும் ஊரு பூரா அதத்தான் தேடும், ஆசையா இருக்கும், ஆனா மொத பக்கத்துல பூரா பேப்பர்காரங்களும் டிராவல் கம்பெனிகளும் உக்காந்திருப்பாவ, மெயின் அருவில குளிக்கத் தடைன்னா காலைலயே போட்டுருவாவ, நான் வேலை விட்டு ராத்திரி வந்து எழுதுனா அத யாரு பாப்பா. அல்வாக்கும் அதே கததான். நூத்துக்கு மேல கட்டுரை எழுதியும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டல, அல்வா படிக்க வந்தவருக்கு கீழ பஸ் டைம் காட்டுனா அவரு ஏன் நிக்கப் போறாரு.

பெரிய சைட்ல நல்லது இல்லாம இல்ல. எழுத விஷயம் தீராது. ஒரு கட்டுரைக்கு நல்ல இடத்துல இருந்து லிங்க் கிடைச்சா மத்த பக்கங்களுக்கும் அதுல கொஞ்சம் பலம் போகும். சீசன் முடிஞ்சா குத்தாலம் படுத்துரும், பொங்கல் வந்தா கருப்பட்டி தூக்கிவிடும். நாலஞ்சு பேரு சேந்து தினமும் எழுதுனா அது ஓடும், தனி ஆளுக்கு முடியாது.

பாய் சைட்டுக்கு வருவோம். "கல்யாணப் பாய்ல பேரு நெய்ய எத்தன நாளாகும்", இப்படி மாசத்துக்கு பத்துப் பதினஞ்சு பேருதான் தேடுதாவ, ஒரு சொல்ல எத்தன பேரு தேடுதாவன்னு காட்டுற கூகுளோட கீவேர்ட் பிளானர்ல போட்டா எண்ணே காட்டாது. ஆனா தேடுறவரு வீட்ல கல்யாணம் வச்சிருக்காரு, தேதி குறிச்சாச்சு, அவருக்கு பதில் வேணும், பாயும் வேணும். கூகுள்ல தினமும் வர்ற தேடல்ல 15 சதவீதம் அதுக்கு முன்னால யாருமே தேடாததுன்னு கூகுளே சொல்லியிருக்கு. இந்த மாதிரி நீளமான கேள்விகளுக்கு பெரிய சைட்காரங்க வரவே மாட்டாவ, அவியளுக்கு அது கட்டுப்படியாகாது.

அங்கதான் நம்ம காலு நிக்கும். நான் பத்தமடைக்குப் போயி ஒரு நெசவு வீட்டுத் திண்ணையில அர நாள் உக்காந்திருந்தேன், அந்த அக்கா கோரைய நகத்தால கீறி, பாருங்க தம்பி, இப்படி மெலிசா கிழிச்சு காயவச்சு ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டாதான் உப்பும், திரும்பக் காயவச்சு நெய்ஞ்சா பட்டு மாதிரி மடியும்னு ஒரு முனைய என் கையில குடுத்தாவ. அத அப்படியே எழுதி போட்டோவோட போட்டேன். இன்னைக்கும் எனக்கு அதிகமா ஆளு கொண்டு வர்றது அந்தப் பக்கம்தான். 2022 டிசம்பர்ல கூகுள், பக்கங்களோட தரத்த மதிப்பிடுறவங்களுக்குக் குடுக்குற வழிகாட்டியில, எழுதுனவரோட நேரடி அனுபவத்தையும் சேத்தாவ, திண்ணையில உக்காந்தவனுக்கு அது தோதா அமைஞ்சது.

ஆனா சின்ன சைட்னா பத்திரம்னு நினைச்சிராதீங்க. எந்த சைட் மேல வரணும்னு பாக்குற கணக்க கூகுள் மாத்துன 2023 செப்டம்பர் அப்டேட்ல எத்தனையோ சின்ன சைட் சரிஞ்சு போச்சு, ஒழுங்கா எழுதுனவங்களும் அதுல அடி வாங்குனாவ, அது எனக்கு இன்னமும் வருத்தம்தான். இன்னொரு தொல்ல, முப்பது கட்டுரையோட பாய் தீந்துரும். பக்கத்துல காருகுறிச்சி மண்பானைய எழுதலாம்னா என் சைட் பேருலயே பாய் கிடக்கு. கீவேர்டப் பேரா வச்சதுல எனக்கு லாபமும் ஒண்ணும் பெருசா இல்ல, பேரு மட்டும் பொருந்தி சரக்கில்லாத சைட்டுகள 2012லயே கூகுள் கீழ எறக்கிருச்சு.

பெரிய இடத்துலயும் இதே குழப்பம் வந்திருக்கு. அபவுட் டாட் காம்னு ஒண்ணு, உலகத்துல உள்ள அத்தனையும் ஒரே சைட்ல வச்சிருந்தாவ, 2016ல இருந்து அதப் பிரிச்சு உடம்புக்கு வெரிவெல், வீட்டுக்கு ஸ்ப்ரூஸ், டெக்னாலஜிக்கு லைஃப்வயர்னு தனித்தனியா ஆக்கி, 2017ல கம்பெனி பேரையே டாட்டேஷ்னு மாத்திட்டாவ. அவிய பிரிச்சது கூட தலகாணிக்கு ஒரு சைட்டுங்கிற அளவுக்குக் குறுகலா இல்ல பாருங்க, உடம்பு, வீடுன்னு ஆளு வச்சு வருசக்கணக்கா எழுதுற அகலம் இருந்துச்சு.

அதனால தம்பிக்கு நான் சொன்னது, பேரு தாமிரபரணிக்கரைக் கைத்தொழில்ங்கிற அகலத்துல இருக்கட்டும், ஆனா மொத ஆறு மாசம் பாயத் தவிர வேற எதையும் தொடாத. பட்டுப்பாய்க்கும் சாதாப் பாய்க்கும் என்ன வித்தியாசம், பூஞ்சை புடிச்சா என்ன செய்ய, வெளியூருக்கு எப்படி சுருட்டி அனுப்ப, எல்லாத்தையும் எழுதி ஒண்ணோட ஒண்ணு லிங்க் குடு. கூகுள்ல இருந்து நம்ம சைட்டுக்கு எத தேடி ஆளு வர்றாவன்னு காட்டுற சர்ச் கன்சோல்ல, பாய்க்கு ஆளு வர ஆரம்பிச்ச பெறவு காருகுறிச்சிப் பானைக்குப் போ, அதுக்கும் பெறவு கல்லிடைக்குறிச்சி அப்பளம். அல்வா பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

வர்ற சனிக்கிழம பாபநாசம் பஸ்ல ஏறி ரெண்டு பேரும் பத்தமடையில எறங்குதோம். கடைக்கு வர்றவங்க என்னென்ன கேக்காவன்னு நாப்பது கேள்வி எழுதிட்டு வரணும்னு நோட்டு வாங்கி வச்சிருக்கான்.