கிங்ஸ்டன் டி.சி.600எம்: கொடுக்கும் காசு கெப்பாசிட்டருக்கு

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கத்து இறால், நண்டு கம்பெனிகளில் விசைப்படகு கரை சேரும் காலையில்தான் சர்வர் திணறும். நான்கைந்து தராசில் ஒரே நேரத்தில் எடை ஏறும். ஒவ்வொரு எடையும் டேட்டாபேஸில் ஒரு கமிட், அதாவது டிஸ்கில் நிரந்தரமாக ஏற்றும் ஒரு பதிவு. பிராசசரும் ராமும் சும்மா கிடக்க, டிஸ்க்தான் மாட்டிக்கொள்ளும். அந்த வேலைக்கு டி.சி.600எம் என்ற சர்வர் எஸ்.எஸ்.டி.யில் 480 ஜி.பி. தாராளம்.

அட்டையில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். படிக்க நொடிக்கு 560 எம்.பி., எழுத 470 எம்.பி. என்கிறார்கள், மலிவான வீட்டு எஸ்.எஸ்.டி.யும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. வித்தியாசம் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில், அதாவது கொஞ்ச நேரத்துக்கு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்களில். கரண்ட் போனாலும் கேஷில் (டிஸ்கின் தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை ஃபிளாஷில் (நிரந்தரச் சிப்பில்) எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் சார்ஜ் நிற்கும்.

வேகமும் அங்கிருந்துதான் வருகிறது. கமிட் செய்யும்போது டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் ஆகட்டும், மைஎஸ்கியூஎல் ஆகட்டும், "டிஸ்கில் ஏறிவிட்டதா?" என்று கேட்டுவிட்டு பதில் வரும்வரை நிற்கும். 7200 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். ஒரே கனெக்‌ஷனில் நொடிக்கு 120 கமிட்டுக்கு மேல் அதனால் ஒழுங்காகத் தர முடியாது. ஆயிரக்கணக்கில் தருகிறது என்றால் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு "ஏறிவிட்டது" என்று புளுகுகிறது. கரண்ட் போனால் பில்லும் போச்சு. கெப்பாசிட்டர் இல்லாத எஸ்.எஸ்.டி. புளுகாமல் இருந்தால், ஒவ்வொரு கமிட்டுக்கும் ஃபிளாஷ் வரை போய் வரவேண்டும், அங்கே தாமதம். டி.சி.600எம்-க்கு கேஷில் விழுந்தாலே பத்திரம் என்பதால் உடனே பதில் சொல்லிவிடும்.

மாட்டியதும் போஸ்ட்கிரெஸ் கூடவே வரும் பி.ஜி. டெஸ்ட் எஃப்சிங்க் (pg_test_fsync) கருவியை ஓட்டி, டிஸ்க் நொடிக்கு எத்தனை முறை "ஏறிவிட்டது" என்கிறது என்று பாருங்கள். சோதனை ஃபைல் டேட்டா இருக்கும் டிஸ்கிலேயே இருக்கவேண்டும். லினக்ஸில் எஃப்டேட்டாசிங்க் (fdatasync) வரியில் நொடிக்கு சில ஆயிரம் வரவேண்டும். நூற்றுக்கணக்கில் நின்றால் யாரோ ரைட் கேஷை (எழுதுவதை முதலில் வாங்கி வைக்கும் கேஷை) அணைத்திருக்கிறார்கள். இந்த டிஸ்கில் கேஷ் ஆனில்தான் இருக்கவேண்டும். பழைய ஹார்டு டிஸ்குக்கு "கேஷை அணை" என்று சொன்ன அறிவுரையை இதற்கும் போட்டால் கொடுத்த காசு வீண்.

மைஎஸ்கியூஎல்-இல் கமிட் லாக் செட்டிங்கை (innodb_flush_log_at_trx_commit) வேகத்துக்காக 2 ஆக்கி வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் கரண்ட் போகும்போது கடைசி ஒரு நொடியின் பில்கள் காணாமல் போகலாம். இந்த டிஸ்க் வந்தபிறகு அதற்கு அவசியமே இல்லை, 1-க்குத் திருப்புங்கள். எழுதும் வரிசை குலையாமல் காக்கும் ஃபைல்சிஸ்டத்தின் பேரியரையும் அணைக்க வேண்டாம். விண்டோஸில் டிஸ்க் பாலிசி பக்கத்தில் ரைட் கேஷை ஆன் செய்யும் முதல் டிக் இருக்கட்டும். பஃபர் ஃப்ளஷிங்கை நிறுத்தும் இரண்டாவது டிக் வேண்டாம்.

ஆயுளுக்கு மொத்தம் 876 டி.பி. எழுதலாம், 5 வருட வாரண்டி. ஐந்து வருடமும் தினமும் 480 ஜி.பி. எழுதினால்தான் அந்தக் கணக்கு தீரும். எடைச் சீட்டு அதன் பக்கத்தில்கூடப் போகாது.

கெப்பாசிட்டர் இருக்கிறதே என்று யு.பி.எஸ்.ஸைக் கழற்றிவிடாதீர்கள். கமிட் ஆகாமல் சர்வர் ராமில் நிற்கும் எதையும் இது காப்பாற்றாது. பேட்டரி வைத்த பழைய ரெய்டு கார்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் கார்டு) இருந்தால் அதன் பேட்டரியையும் பாருங்கள். சூட்டில் பேட்டரி செத்தால் பெரும்பாலான கார்டுகள் தாமாகவே ரைட்-த்ரூவுக்கு, அதாவது கேஷில் நிறுத்தாமல் நேரே டிஸ்கில் எழுதும் முறைக்கு, மாறிவிடும். ஒரே இரவில் சர்வர் நத்தையாகும், பழி டேட்டாபேஸ் மீது விழும்.

உப்புக்காற்றுக்கு இந்த டிஸ்கிடம் மருந்து கிடையாது. டிஸ்கை மதர்போர்டில் இணைக்கும் சாட்டா கேபிளின் முனையில் பச்சை பூத்தால், டிஸ்க் தன் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் சி.ஆர்.சி. எர்ரர் (கேபிளில் டேட்டா சிதைந்த பிழை) எண்ணிக்கை ஏறும். அது ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், டிஸ்கை அல்ல. கேபினட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு 1-இல் போடுவது நல்லது; மதர்போர்டு ரெய்டு வேண்டாம். ஒரே ஆள் டேலி போடும் அலுவலகத்துக்கு இதெல்லாம் அதிகப்படி, யு.பி.எஸ்.ஸும் தினசரி பேக்கப்பும் போதும். மாற்றும் வேலையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டால், தராசு சும்மா இருக்கும்போதே பழைய டிஸ்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து சோதித்துவிடலாம்.