உப்புக்காற்றில் ஒரு செமி ஹாலோ கிட்டார்: முதலில் டியூனரா, பிக்கப்பா?

விலை குறைந்த செமி ஹாலோ கிட்டாரை (உடலில் ஒரு பகுதி உள்ளீடற்ற மின் கிட்டார்) மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். மதுரையில் இருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த, ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில், கோயில் பாடகர் குழுவில் வாசிக்கும் நான், தந்தியை இறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனரையே முதலில் மாற்றச் சொல்வேன்.

அதற்கு முன், கழுத்தின் மேல்முனையில் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் நட்டைப் பார்த்துவிட வேண்டும். டியூனரின் சாவியைத் திருகும்போது தந்தி 'டிங்' என்று துள்ளினால், பழுது நட்டின் பள்ளத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்த டியூனரும் அதைச் சரிசெய்யாது.

டியூனர்களில் குளூசன் பாணியும் குரோவர் பாணியும் நேர் போட்டியாளர்கள். 1958இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-335இன் பழைய தோற்றத்தை விரும்புபவர்களுக்கு, எடை குறைந்த குளூசன் பாணியே பிடிக்கும். ஆனால் அதன் பற்சக்கரங்களை மூடியிருப்பது மெல்லிய தகடுதான் என்பதால், கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் உப்பீரம் உள்ளே புகுந்துவிடும். குரோவர் ரோட்டோமேட்டிக் போன்றவற்றில் பற்சக்கரங்கள் மசகுடன் முழுமையாக அடைபட்டிருக்கின்றன. ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்துவதும் எளிதன்று. குரோவர் பாணிக்குத் தலைப்பலகையில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் துளை வேண்டும், குளூசனுக்கு அதைவிடச் சிறியது போதும். வாங்குமுன் அளந்துகொள்வது நல்லது.

இவற்றையெல்லாம் விட, அடைபட்ட பூட்டு டியூனரையே நான் தேர்ந்தெடுப்பேன். தந்தியைப் பலமுறை சுற்றாமல் தண்டிலேயே இறுக்கிவிடுவதால் சுருதி நழுவுவது குறைகிறது என்பது எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம், இங்கே தந்திகள் விரைவில் துருப்பிடிப்பதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதும், அந்த வேலை பூட்டு டியூனரில் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதும்தான். பல் விகிதம் (தண்டு ஒருமுறை சுற்றச் சாவியை எத்தனை முறை திருக வேண்டும் என்பது) 14:1 ஆனாலும் 18:1 ஆனாலும் சுருதி நிற்பதில் பெரிய வேறுபாடு இல்லை. பின்னதில் நுணுக்கமாகத் திருகலாம், அவ்வளவே.

பிக்கப்பில், சீமோர் டங்கன் நிறுவனத்தின் இரண்டு ஹம்பக்கர்களை (இரைச்சலைக் குறைக்க இரட்டைச் சுருள் கொண்ட பிக்கப்புகள்) ஒப்பிடுவது பயன் தரும். கிப்சனுக்காக ஹம்பக்கரை வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சேத் லவரின் பெயரைத் தாங்கிய பிக்கப்பில் அல்னிகோ 2 காந்தம் இருக்கிறது. பழைய முறைப்படி அதன் சுருள்களில், அவை அதிராமல் பிடித்துவைக்கும் மெழுகு ஊற்றப்படுவதில்லை. '59 என்ற மற்றொரு பிக்கப்பில் அல்னிகோ 5 காந்தமும் மெழுகும் உண்டு. தனியறையில் மெதுவாக வாசித்தால் முன்னதன் மென்மையும் காற்றோட்டமும் மனத்தைக் கவர்ந்துவிடும். ஆனால் செமி ஹாலோ உடல் தானாகவே ஒலியை வாங்கி அதிரக்கூடியது. திருவிழா மேடையில் மானிட்டர் ஒலிபெருக்கி காலடியில் இருக்கும்போது மெழுகில்லாத சுருள்களும் சேர்ந்துகொண்டால் கீச்சிடலை அடக்குவது கடினம். ஆகவே மேடைக்கு '59ஐயே பரிந்துரைக்கிறேன். ஹம்பக்கர் அளவில் வரும் பி-90 என்ற பிக்கப்பும் இனிமையானதுதான். ஒற்றைச் சுருள் என்பதால், சீரியல் விளக்குகளும் மின்மாற்றியும் அருகே இருக்கும் பந்தலில் இரைச்சல் தரும்.

பிக்கப்பை இரண்டாவதாக வைப்பதற்கு உழைப்பும் ஒரு காரணம். டியூனரை ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு வீட்டிலேயே மாற்றலாம். பிக்கப்பை மாற்றுவதிலோ, பின்மூடி இல்லாத உடல் என்றால், வால்யூம், டோன் கட்டுப்பாடுகள் அனைத்தையும் உடலின் முகப்பிலுள்ள எஃப் வடிவத் துளை வழியாக வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் தண்டிலும் மீன்பிடிக்கப் பயன்படும் ஒரு தங்கூசி நரம்பைக் கட்டி, மறுமுனையை அதன் துளைக்கு வெளியே விட்டு வைத்தால், வேலை முடிந்ததும் அதை இழுத்தே ஒவ்வொன்றையும் தன் இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.