ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கும் ஆட்டிசம் சென்டரா? கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறவிட்டு எழுதினால் பாதி விட்டுப்போகும். வயது வந்தவர்களுக்கான ஆட்டிசம் டே சென்டர் ஒன்றில் தம்பிக்காக ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினோம். இரண்டாவது மாதம் முடியும் முன்பே அவனை வெளியே கூட்டிவர வேண்டியதாயிற்று. ஒரு பைசா திரும்பவில்லை. பெயர் போடவில்லை, வழக்கு வம்பு என்று அலைய இப்போது தெம்பில்லை. ஆனால் இவர்கள் ஆள் பிடிக்கும் முறை இந்த ஒரு சென்டரோடு நிற்பதாகத் தெரியவில்லை.

எல்லாரும் விழுவது ட்ரயல் நாளில்தான். அன்று அவனுக்கென்றே ஒரு ட்ரெயினர். சத்தமில்லாத அறை. சுவரில் வெல்க்ரோ பட்டை, அதில் ஆறு படக் கார்டுகள். ஒரு வேலை முடிந்ததும் அந்தக் கார்டை அவனே பிய்த்து ‘முடிந்தது’ டப்பாவில் போட வேண்டும். அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பதற்றம் பாதி குறைந்துவிடும் என்பது ஆட்டிசம் உள்ள வீடுகளுக்குத் தெரியும். அரை நாள் முழுக்க அவன் காதைப் பொத்தவே இல்லை. ‘வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு, இன்னைக்கே கட்டினா சீட் உறுதி’ என்றார்கள். ஆறு மாதக் கட்டணம் அன்று மாலையே கைமாறியது.

அந்த ட்ரெயினர் குழந்தைகள் பிரிவைச் சேர்ந்தவர், ட்ரயலுக்கு மட்டும் இங்கே வருவார் என்பது பிறகுதான் தெரிந்தது. சேர்ந்த பின் எட்டுப் பேருக்கு ஒரு ட்ரெயினர், ஒரு உதவியாளர். பெரிய ஹால், நாள் முழுக்க டிவி, ஒரு ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிந்தபடி. வெல்க்ரோ பட்டை சுவரில் இருந்தது, ட்ரயல் அன்று வைத்த அதே ஆறு கார்டுகள் அதே வரிசையில், தூசியோடு. வளர்ந்த ஆளுக்கு மணி கோர்ப்பதும் கலர் அடிப்பதும் பயிற்சியாம்.

எழுத்தில் கொடுத்த பயிற்சித் திட்டத்தைக் கேட்டால் இன்னும் எரியும். ‘சுயமாகக் குளிப்பார்’, ‘தொடர்பாடல் மேம்படும்’, அவ்வளவுதான் இலக்கு. மூன்றாம் பக்கத்தில் தம்பி ‘அவள்’ ஆகிவிட்டான்! வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். குளியல் என்றால் குழாயைத் திறப்பது, தண்ணீர்ச் சூடு பார்ப்பது, சோப்பு போடுவது, அலசுவது, துவட்டுவது எனப் படி படியாகப் பிரிக்க வேண்டும். எந்தப் படியைத் தானே செய்கிறார், எதற்குச் சைகை போதும், எதற்குக் கை பிடிக்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே குறிக்க வேண்டும். அந்தத் தொடக்கக் கணக்கு இல்லாமல் ‘80 சதவீதம் முன்னேற்றம்’ என்றால் எதிலிருந்து 80? தினசரிப் பதிவுத் தாளில் எல்லா நாளும் 80தான், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அவன் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த நாளுக்கும் 80.

பணத்தைவிட வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் முடிக்கும் வரை காத்திருக்க உதவியாளருக்கு நேரமில்லை, அதனால் தானே போட்டுவிட்டிருக்கிறார். உதவியைப் படிப்படியாகக் குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால், உதவிக்குக் காத்திருப்பதுதான் பழக்கமாகும்.

கையைக் கடிக்க ஆரம்பித்தான். ‘டாக்டர்கிட்ட சொல்லி டோஸ் ஏத்துங்க’ என்றார்கள். வலியை வாயால் சொல்லத் தெரியாதவர் திடீரென மாறினால் பல், காது, மலச்சிக்கல் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்த பின் என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பித்தார் என்று சில நாள் எழுதி வைக்க வேண்டும். அங்கே ஒரு வரி எழுதியவர் கிடையாது.

கேட்டால் வந்த பதில்கள்: ‘அட்ஜஸ்ட் ஆக டைம் எடுக்கும்.’ ‘நீங்க வீட்ல செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க.’ ‘டைரக்டர் மீட்டிங்ல இருக்கார், மெசேஜ் போடுங்க.’ போட்ட மெசேஜுக்கு இரண்டு நீல டிக், பதில் இல்லை. நேரில் போய் மீதி மாதங்களின் பணத்தைக் கேட்டபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார் ரிசப்ஷன் பெண்: கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது. ஆறு மாதக் கட்டணம், வாங்கும்போது டைரக்டரே வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

மாதாமாதம் கட்டும் வழி இல்லையென்றால் வேண்டாம். ஆறு மாதக் கட்டணத்தை ஒரே தவணையில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ட்ரயல் ஒரு நாள் போதாது. ஒரு வாரமாவது கேளுங்கள், அவர் நிஜமாக உட்காரப்போகும் ஹாலில், நிஜமாகப் பார்த்துக்கொள்ளப்போகும் ஆளோடு. போன வருடம் இருந்த ட்ரெயினர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

சொல்லாமல் போய்ப் பார்க்க அனுமதி உண்டா என்பது எழுத்தில் வேண்டும்.

கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் டைப் செய்யவைத்து ‘உள்ளே இருக்கும் அறிவை வெளிக்கொண்டுவருகிறோம்’ என்று காட்டினால் ஓடிவிடுங்கள். அங்கே பேசுவது கையைப் பிடித்திருப்பவர்தான் என்பது சோதனைகளில் எப்போதோ தெரிந்துவிட்டது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வந்தால் நேரம் பார்ப்பது யார், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைப்பது யார், மாத்திரை கொடுத்ததை எந்த நோட்டில் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். ‘அதெல்லாம் வராதுங்க’ என்று பதில் வந்தால் பேனாவை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.