இன்ஸ்டாகிராம் பதின்பருவக் கணக்கு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

2024 செப்டம்பரில் அறிமுகமான இந்த வசதி, 18 வயதுக்குட்பட்டோரின் பதிவுகளை அவர்கள் ஏற்றுக்கொண்ட பின்தொடர்வோர் மட்டுமே பார்க்கும்படி தானாகவே மாற்றி, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகளை நிறுத்திவைக்கிறது. 16 வயது நிரம்பாதவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

பெற்றோர் கண்காணிப்பை இணைத்தால், கடந்த 7 நாட்களில் பிள்ளை யார் யாருக்குச் செய்தி அனுப்பினார் என்பதைப் பார்க்கலாமே தவிர, என்ன எழுதினார் என்பதைப் படிக்க முடியாது. வளரும் பிள்ளையின் தன்மானத்தை மதிக்கும் இந்த எல்லையை மனதாரப் பாராட்டுகிறேன்.

நாளொன்றுக்கு 60 நிமிடம் கடந்ததும் வரும் நினைவூட்டலைப் பிள்ளை எளிதாகத் தள்ளிவிடலாம் என்பதால், நேர வரம்பைப் பெற்றோரே நிர்ணயிப்பது நல்லது. வயதைக் கூட்டிச் சொல்லி வேறொரு கணக்கு தொடங்கும் ஆசை எழாதிருக்க, பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் காரணத்தைச் சொல்லியே இதை அமைத்துக்கொடுங்கள்.