கராஜ் கதவு ஸ்பிரிங்: 10,000-ஆ, 25,000-ஆ?

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விடியற்காலையில் கராஜுக்குள் ஒரு வெடிச்சத்தம். யாரோ பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று நினைத்துப் படுத்துவிட்டோம். காலையில் பட்டனை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, கதவு ஒரு சாண் ஏறி நின்றுவிட்டது. மேலே பார்த்தால், கதவுக்கு மேல் குறுக்கே ஓடும் கம்பியில் (ஷாஃப்ட்) இருந்த இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று ஒடிந்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

போட்டு ஐந்து வருடம்கூட ஆகவில்லையே என்று எனக்குக் கோபம். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். முறுக்கு விசையால் கதவின் எடையைத் தாங்கித் தூக்குகிற இந்தச் சுருளுக்கு டார்ஷன் ஸ்பிரிங் என்று பெயர். அதன் ஆயுளை வருடத்தில் சொல்வதில்லை. கதவு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று, சாதாரண ரகத்துக்கு 10,000 சுற்று. எங்கள் வீட்டில் வேலை, பள்ளி, டியூஷன், பசார் என்று ஒரு நாளைக்கு ஆறு முறையாவது கதவு திறக்கும். வருடத்துக்கு 2,190. நாலரை வருடத்தில் தீர்ந்துவிடும், தீர்ந்தும் விட்டது.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ரிப்பேர்காரத் தம்பி இரண்டு வழி சொன்னார். பழைய அளவிலேயே மாற்றுவது, அல்லது 25,000 சுற்று தாங்கும் ரகம். நான் இரண்டாவதை எடுத்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். முதலாவது விலை குறைவு, உடனே கிடைக்கும். வாடகை வீடு என்றால், கதவை எப்போதாவதுதான் திறப்பீர்கள் என்றால், அதுவே போதும்.

பெரிய ரகத்தில் கம்பி தடிமன், சுருளும் நீளம். தூக்கும் பலம் அதேதான், ஆனால் ஒவ்வொரு முறுக்கிலும் எஃகு படும் பாடு குறைகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிகிறதே, ஸ்பிரிங்கும் அப்படித்தான் களைத்து ஒடிகிறது. குறைவாக வளைத்தால் அதிக நாள் தாங்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த நீளத்துக்கு ஷாஃப்டில் இடம் இருக்க வேண்டும், கதவின் எடைக்குச் சரியாகவும் பொருந்த வேண்டும்.

ஆனால் எந்த ரகமாக இருந்தாலும், பினாங்கில் ஆயுளைத் தீர்மானிப்பது துருதான். குளிர் நாடுகளில் கடுங்குளிரில் ஸ்பிரிங் ஒடியும் என்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, ஈரமும் உப்புக்காற்றும்தான். தஞ்சோங் பூங்காவில் கடல் எங்களுக்கு நடக்கிற தூரம். ஒடிந்த ஸ்பிரிங்கைத் தடவினேன், விரலெல்லாம் செம்மண் மாதிரி தூள். துரு அரித்த சின்னப் பள்ளத்தில்தான் விரிசல் தொடங்குகிறது, போதாததற்குச் சுருளோடு சுருள் உரசுகிறது. 25,000 ரகத்தை வாங்கி எண்ணெயே காட்டாமல் விட்டால் கொடுத்த காசு வீண். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரிங்குக்கான ஸ்பிரே அடித்து, வழிவதைத் துணியால் துடைக்கிறேன். கால்வனைஸ் செய்தது, அதாவது துத்தநாகம் பூசியது, துருவை நன்றாகத் தடுக்கும், ஆனால் முறுக்குச் சீக்கிரம் தளர்வதால் அடிக்கடி சரிசெய்ய வேண்டும் என்றார் தம்பி. அதை நான் பயன்படுத்தியதில்லை.

“அண்ணே, ஒண்ணு ஒடிஞ்சாலும் ரெண்டையும் மாத்திடுங்க, ரெண்டுக்கும் ஒரே வயசு” என்றார். மாற்றினேன். தயவுசெய்து இதை நீங்களே கழற்ற முயலாதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கையை உடைத்துவிடும்.

புதியது போட்டு இரண்டு வருடம்தான், 4,400 சுற்றுக்குக் கிட்டே. 25,000-க்கு இன்னும் வெகுதூரம், அதனால் முழு ஆயுளுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. போன வாரம் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவித்து, ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறதா என்று கையால் பாதிவரை தூக்கி விட்டுப் பார்த்தேன். இறங்காமல் அங்கேயே நின்றது.