சோடியம் குறைந்த உப்பு: குழம்பில் தெரியாது, மோரில் தெரியும்

மளிகைக் கடையில் சாதாரண உப்புப் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ‘15 சதவீதம் சோடியம் குறைவு’ என்று அச்சடித்த பாக்கெட் ஒன்று இருக்கும். விலை கூடுதல் என்பதால் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாக அதைத்தான் பயன்படுத்துகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர் இருந்து, யாருக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லை, டாக்டரும் சரி சொல்கிறார் என்றால், இது கட்டாயம் வாங்க வேண்டிய பொருள். ஆனால் பாக்கெட்டை மாற்றிவிட்டுக் கரண்டியை மாற்றாமல் இருந்தால் பெரிய பலன் இல்லை.

நான் தூத்துக்குடிக்காரி. உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் பக்கம் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் குழம்புக்கு மரியாதை. அதோடு கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய் என்று சோற்றுக்குத் துணைக்கு வருவது எல்லாமே உப்பில் ஊறியதுதான். என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தபோது, “உப்பைக் குறைங்க” என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு குறைப்பது, எதில் குறைப்பது என்பதெல்லாம் வீட்டில் சமைப்பவரின் பொறுப்பு. அந்தத் தேடலில்தான் இந்த உப்பு எங்கள் அடுப்படிக்கு வந்தது.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது? சாதாரண உப்பு கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. இதில் அதன் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருக்கிறார்கள். சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியம் அதை இறக்க உதவும். ஆக, ஒரே பொருளில் இரண்டு நன்மை. சீனாவின் வட மாகாணக் கிராமங்கள் 600-இல், ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்து வருடம் இதைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பே பக்கவாதம் வந்தவர்களும், அறுபது வயதைக் கடந்த ரத்த அழுத்தக்காரர்களும்தான் அதில் பங்கெடுத்தவர்கள். மாற்று உப்பு கொடுத்த கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. நம் கடையில் நான் வாங்குவதில் சோடியம் 15 சதவீதம்தான் குறைவு, அதனால் அந்த அளவு பலனை அப்படியே இதிலும் எதிர்பார்க்கக் கூடாது.

சரி, ருசிக்கு வருவோம். புளிக்குழம்பு, மீன் குழம்பு, சாம்பார், கறி எதிலும் வித்தியாசமே தெரியவில்லை. புளியும் மிளகாயும் தேங்காயும் இருக்கும் இடத்தில் இந்த உப்பு அடங்கிப் போய்விடுகிறது. இட்லி மாவு வழக்கம்போலப் பொங்குகிறது. பொரியலிலும் குறை இல்லை. ரசத்தில்தான் முதலில் மாட்டியது. குடித்து முடித்த பிறகு நாக்கின் பின்பக்கம் ஒரு மெல்லிய கசப்பு நிற்கும். “என்னம்மா, ரசம் ஒரு மாதிரியா இருக்கு?” என்று அத்தை கேட்டுவிட்டார். கொஞ்சம் கூடுதல் புளியும், தட்டிப்போட்ட மிளகும் பூண்டும் அதைச் சரிக்கட்டின. மோரிலும் தயிர்சாதத்திலும் கசப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். அவித்த முட்டையில் தூவினால் நன்றாகவே தெரியும். அது பொட்டாசியம் குளோரைடின் இயல்பு, எந்த கம்பெனி பாக்கெட் வாங்கினாலும் இருக்கும். மோருக்கு இப்போது உப்பைப் பாதியாக்கி இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுக் கடைகிறேன். வீட்டில் எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும், அதுவரைதான் முணுமுணுப்பு.

இந்த உப்பு கரிப்பதும் கொஞ்சம் குறைவு. அதனால் கை தானாக இன்னொரு சிட்டிகையை அள்ளும். அங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. 15 சதவீதம் குறைத்ததைக் கூடுதலாகப் போட்டு நிரப்பிவிட்டால், காசு மட்டும்தான் கூடுதலாகச் செலவாகும். நான் கையால் அள்ளுவதை நிறுத்திவிட்டு, அஞ்சறைப் பெட்டியில் கிடந்த சின்ன ஸ்பூனை உப்பு ஜாடியில் போட்டுவிட்டேன். முன்பு போட்ட அளவுதான், ஒரு துளி கூடாது.

அளவு சரியா என்று பார்க்க எளிதான வழி ஒன்று உண்டு. பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் அது 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஒரே மாதத்தில் காலியானால், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். அதுவும் அப்பளம், ஊறுகாய், மிக்சர், பேக்கரி பிஸ்கட்டில் இருக்கும் உப்பைச் சேர்க்காமலே. எங்கள் வீட்டில் மாதக் கடைசிக்குள் பாக்கெட் தீர்ந்துகொண்டிருந்தது. சோறு வடிக்கும்போது உப்பு போடுவதையும், சப்பாத்தி மாவில் சேர்ப்பதையும் நிறுத்தினேன். யாருக்கும் தெரியவே இல்லை. கருவாடு ஆசைப்பட்டால் வென்னீரில் இரண்டு தரம் ஊறவைத்துக் கழுவி, குழம்புக்குத் தனியாக உப்பே சேர்ப்பதில்லை. இப்போது பாக்கெட் அடுத்த மாதத்துக்கும் வருகிறது, விலைக் கூடுதலில் பெரும்பகுதி இதிலேயே ஈடாகிவிட்டது.

மேலை நாடுகளில் பாக்கெட் உணவு வழியாகத்தான் அதிக உப்பு உள்ளே போகிறது. நம் வீடுகளில் பெரும்பகுதி அடுப்படியில் நாம் போடுவது. அதனால் ஜாடியில் உள்ள உப்பை மாற்றுவது நமக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்துப்பு வாங்கினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. இந்துப்பும் கல்லுப்பும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு, அவ்வளவுதான். இந்துப்பில் அயோடின் சேர்க்காத பாக்கெட்டுகளும் உண்டு. எதை வாங்கினாலும் பின்பக்கம் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்றும் ‘அயோடின்’ என்றும் இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கூடுதல் பொட்டாசியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது பழுதாக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. சர்க்கரை நோய் பல வருடமாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். எங்கள் டாக்டர் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்த்த பிறகுதான் சரி சொன்னார். நீங்களும் கேட்காமல் மாற்ற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்த மாதங்களில் நான் சாதாரண அயோடின் உப்புக்கே திரும்பிவிட்டேன், அளவை மட்டும் குறைவாகவே வைத்துக்கொண்டேன். ஒரே சட்டியில் எல்லோருக்கும் சமைக்கும் வீட்டில் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

என் வீட்டுக்காரரின் ரத்த அழுத்தத்தில் மேல் எண் 140-ஐ ஒட்டி நின்றது, இப்போது பெரும்பாலும் 130-க்குப் பக்கத்தில் வருகிறது. அவர் சாயங்காலம் நடக்கவும் ஆரம்பித்தார், மாத்திரையும் தொடர்கிறது. எல்லாப் பெருமையையும் உப்புக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த மாற்றத்துக்கு அவர் எந்தச் சிரமமும் படவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஊறுகாய்க்கு மட்டும் இதை நான் பயன்படுத்துவதில்லை. கல்லுப்புதான். ஊறுகாயையே கொஞ்சமாகப் போட்டு, கொஞ்சமாகச் சாப்பிடுவதே நல்லது.

ஒரு குறை: சின்னக் கடைகளில் கிடைப்பதில்லை, சூப்பர் மார்க்கெட் வரை போக வேண்டியிருக்கிறது. 2014-இல் தமிழ்நாடு உப்புக் கழகம் ‘அம்மா உப்பு’ கொண்டுவந்தபோது, மூன்று வகைகளில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு, கிலோ 21 ரூபாய். ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில்தான் அந்தக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. இப்படி ஒரு உப்பு நியாயவிலைக் கடையில், யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்களின் வீட்டிலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.