மூன்று ஜோடி டிஸ்க், ஒரு டயல் கேஜ்: மலைப்பாதையில் என் பிரேக் அனுபவம்

எனக்கு வீடு மேட்டுப்பாளையம், மாமியார் வீடு கோத்தகிரி. வாரம் ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை மலை ஏறி இறங்குவோம். வண்டி 2016-ல் வாங்கிய சின்ன டீசல் கார். பிரேக் முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பின்னால் டிரம். இப்போது 1,04,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இதற்குள் முன் டிஸ்க்கை இரண்டு முறை மாற்றிவிட்டேன். முதல் முறை மாற்றியது வீண் செலவு. இரண்டாவது முறை போட்டது 51,000 கி.மீ. தாண்டியும் ஆடாமல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

41,000 கி.மீ.யில் தொல்லை ஆரம்பித்தது. 80 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் படபடவென்று அடிக்கும், பெடல் காலடியில் துள்ளும். காலை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். பிரேக் பிடித்தால் மட்டும் ஆட்டம் வருகிறது என்றால் வீலைச் சந்தேகப்படவே கூடாது. இது அன்றைக்குத் தெரியாததால் பேலன்ஸிங், அலைன்மென்ட் என்று இரண்டு கடை ஏறி இறங்கினேன். அப்புறம் ஒரு ஒர்க்ஷாப்பில் "டிஸ்க் பெண்டாயிடுச்சு சார்" என்றார்கள். லேத்தில் கொடுத்து இரண்டு பக்கமும் சீவிக் கொண்டுவந்து மாட்டினார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. 4,000 கி.மீ.தான். மறுபடி அதே படபடப்பு.

இரண்டாவது சீவலுக்கு டிஸ்க்கில் கனம் இல்லை. என் டிஸ்க் புதிதில் 20 மி.மீ.; 18-க்குக் கீழே போகக் கூடாது என்று அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கிறது. சரி என்று 46,000-ல் புது ஜோடி டிஸ்க்கும், கடைக்காரர் கையில் கிடைத்த மலிவான பேடும் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுத் துண்டு) போட்டேன். மறுபடி வெண்ணெய். 52,000-ல் மறுபடி படபடப்பு.

அப்போதுதான் காரமடைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் கிடைத்தார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, வீலைக் கழற்றி, டிஸ்க்கை வெறும் நட்டுகளால் இறுக்கிவிட்டு, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும், காந்த அடி வைத்த டயல் கேஜை அதன் முகத்தில் ஒட்டவைத்து மெதுவாகச் சுற்றினார். முள் 0.14 மி.மீ. வரைக்கும் ஆடியது. 0.05-க்குள் இருந்தால் நல்லது, 0.10 தாண்டினால் எப்படியும் தொல்லை வரும் என்றார். டிஸ்க்கைக் கழற்றினால், அது உட்காரும் ஹப்பின் முகத்தில் செதில் செதிலாகத் துரு. அதன் மேல்தான் என் புது டிஸ்க் ஆறாயிரம் கிலோமீட்டராக உட்கார்ந்திருக்கிறது.

"ஹப்பைச் சுத்தம் பண்ணாம டிஸ்க்கை மாட்டுனா வேற எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னிடமா, முன்பு மாட்டியவரிடமா என்று தெரியவில்லை. நான் தலையாட்டி வைத்தேன்.

அவர் விளக்கியது இது. டிஸ்க் கோணலாக உட்கார்ந்தால் முதல் நாளே ஸ்டீயரிங் அடிக்காது. ஆனால் பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் டிஸ்க்கின் துருத்திய இடம் பேடைத் தொட்டுத் தொட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். கனம் ஒரே சீராக இல்லாத டிஸ்க்கைப் பேட் பிடிக்கும்போது, பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே வெளியே போய்வரும், அதுதான் பெடலில் துள்ளலாகத் தெரிகிறது. நூற்றில் இரண்டு மூன்று பங்கு மி.மீ. வித்தியாசமே போதும். ஆக, என் டிஸ்க் தட்டு மாதிரி வளையவே இல்லை. 'பெண்டு' என்று நாம் சொல்லும் பெரும்பாலான டிஸ்க்குகளின் கதை இதுதான். புதுசு போட்ட அன்று நன்றாக இருந்தது என்று யாராவது பெருமைப்பட்டால், ஐயாயிரம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்பேன்.

இரண்டாவது காரணம் என் காலில் இருந்தது. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானைகள் ரோட்டோரம் வந்துவிடும். ஒருநாள் மேலேயிருந்து பிரேக்கிலேயே இறங்கி வந்து, குட்டியோடு நின்ற யானைக்காக இருபது நிமிஷம் பெடலை மிதித்தபடியே இருந்தேன். பயத்தில் கால் அழுத்தியது, அது வேறு விஷயம். கொதிக்கிற டிஸ்க்கில் பேடை அப்படி ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால், பேடின் பொருள் அங்கே அச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்கில் நீலம் பாரித்த திட்டு ஒன்று எனக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும். இப்போது சூடாக இறங்கி நின்றால் ஹேண்ட்பிரேக்தான். அது பின் டிரம்மைப் பிடிப்பதால் முன் டிஸ்க் தப்பிக்கிறது.

எவ்வளவு சூடு என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,790 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 சொச்சம். ஆட்களோடு 1,200 கிலோ வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கினால் 17 மெகாஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். மின்சாரக் கணக்கில் 4.7 யூனிட், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம். காற்றும் டயரும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சினை வாங்க விடாமல் நியூட்ரலில் வந்தால் மிச்சம் முழுக்க நாலு சக்கரத்து பிரேக்கில்தான், அதிலும் பெரும்பங்கு முன் இரண்டில். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. நானோ டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிய ஆள். உண்மையில் இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும்.

53,000-ல் செய்த வேலையைச் சொல்கிறேன். ஹப் முகத்தை உலோகம் மின்னும்வரை எமரியால் தேய்த்தோம். புது டிஸ்க்கில் பூசியிருந்த துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவினோம். மாட்டி அளந்தால் 0.07. டிஸ்க்கை ஹப்பில் ஒரு துளை தள்ளித் திருப்பி மாட்டியதும் 0.03. காசு செலவில்லாத இந்தத் தந்திரத்தை அதற்கு முன்னால் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பேடைத் தாங்கிப் பிடிக்கும் காலிபரில், இடது பக்கம், அது நகர்வதற்கான ஸ்லைடு பின் ஒன்று இறுகியிருந்தது. உள் பேடில் 3 மி.மீ., வெளிப் பேடில் 7 மி.மீ. மிச்சம் என்று ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்ததே சாட்சி. பின்னைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் வைத்தார். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பிவிடுமாம்.

வீல் நட்டு அடுத்தது. டயர் கடையில் ஏர் கன்னால் டர்ர்ரென்று ஒரு நட்டை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் ஏற்றிவிட்டால், டிஸ்க் மறுபடி கோணலாக இறுகும். என் கையேட்டில் 85 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவிட்டேன்.

பேட் விஷயத்தில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. மலையில் ஓட்டுகிறவர் சத்தத்தையும் தூசியையும் பார்த்து பேட் வாங்கக் கூடாது. முதலில் போட்ட மலிவுப் பேட் ஆர்கானிக் வகை. ஊருக்குள் சத்தமே இல்லை, வீலில் கரியும் இல்லை. ஆனால் இறக்கத்தின் கடைசிப் பகுதியில் பெடல் கட்டையாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க யோசிக்கும், கூடவே கருகல் வாடை. பெடல் கட்டையாக இருந்தும் பிடி இல்லையென்றால் பெரும்பாலும் பேட் சூட்டில் சோர்ந்துவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: டாட் 4 வகை ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

பழைய பேடைக் கழற்றியபோது அதன் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருந்ததைக் கவனித்தேன். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது கடும் சூட்டில். 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. என் மலிவுப் பேடில் 'எஃப் இ', அதாவது சூடானால் பிடி குறையும் என்று அதுவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது போட்டிருப்பது உலோகம் கலந்த செமி மெட்டாலிக், 'எஃப்எஃப்'. எழுத்து நன்றாக இருந்தால் பேட் நீடித்து உழைக்கும் என்று அர்த்தம் இல்லை, அதைக் கடையையும் பெட்டியையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். செராமிக் நான் போட்டதில்லை. சென்னையில் நகரத்துக்குள்ளேயே ஓட்டும் மச்சினன் சத்தமும் கரியும் இல்லை என்று அதைக் கொண்டாடுகிறான், அவனுக்குச் சரிதான்.

புதுப் பேடும் டிஸ்க்கும் போட்டதும் ஒன்றுக்கொன்று பழக்க வேண்டும். விடிகாலை அன்னூர் ரோட்டில் 60-லிருந்து 10 வரைக்கும் பதினைந்து தடவை, நடுவில் அரை நிமிஷம் இடைவெளி விட்டு, எங்கும் முழுதாக நிற்காமல் வேகத்தைக் குறைத்தேன். அப்புறம் பிரேக்கே தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டேன். பின்னால் வந்த பால்வண்டிக்காரர் என்னைக் குடிகாரன் என்றே முடிவு கட்டியிருப்பார்.

குறைகளும் உண்டு. செமி மெட்டாலிக் பேட் பனிக்காலக் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்குக் கீச்சென்று கத்துகிறது. வாரம் ஒருமுறை வீலைத் துடைக்காவிட்டால் கரி அப்பிக்கொள்ளும். பேடை 81,000-ல் ஒருமுறை மாற்றினேன், 28,000 கி.மீ. வந்தது; இறங்குகிற பழக்கத்தை இன்னும் திருத்தினால் கூடுதலாக வரும் என்கிறார் அண்ணன். போன மாதம் அளந்ததில் டிஸ்க் 19.1 மி.மீ., ஆட்டம் 0.04.

டயர் கடைப் பையன் முதலில் என் டார்க் ரெஞ்சைப் பார்த்துச் சிரித்தான். இப்போது ஏர் கன்னைத் தூக்கும் முன்னாலேயே, "சார், டிக்கியத் திறங்க" என்கிறான்.